‘நீ பெரியவதானே, விட்டுக்கொடு!’

வாசகர் கேள்வி - பதில்

சென்ற இதழில் ஏ.டி.எச்.டி. பற்றி எழுதியிருந்தேன். கவனம் ஓரிடத்தில் நிற்காது, கைகால் ஓயாது, நினைத்த மாத்திரத்தில் செய்துவிடத் தோன்றும். அப்படி வளரும் பிள்ளைகளைப் பற்றிய கட்டுரை அது. அதற்கு வந்த கடிதங்களைப் பிரித்தால், பாதிக்கு மேல் அந்தப் பிள்ளையின் அக்காவைப் பற்றி, தங்கையைப் பற்றி, தம்பியைப் பற்றி. ஆகவே இந்த முறை இடம் முழுவதும் கூடப்பிறந்தவர்களுக்கு. 26 வருடம் பள்ளிகளில் சிறப்புக் கல்வி ஆசிரியையாக இருந்திருக்கிறேன். அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நான் அப்படி ஒரு தம்பிக்கு அக்கா. பதில்களில் இரண்டும் கலந்துதான் வரும்.

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. போன வருடம்தான் ஏ.டி.எச்.டி. என்று மருத்துவர் உறுதி செய்தார். மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. சொன்ன பேச்சு கேட்பாள், நன்றாகப் படிப்பாள், அவளால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை. போன வாரம் அவள் மூன்று நாள் உட்கார்ந்து செய்த சூரியக் குடும்ப சார்ட்டை இவன் கிழித்துவிட்டான். அவள் கத்தினாள். வழக்கம்போல, ‘நீ பெரியவதானே, அவனுக்குத் தெரியாது, விட்டுக்கொடு’ என்றேன். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் அவளுடைய ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில், ‘எனக்கும் ஏதாவது வியாதி வந்தா நல்லா இருக்கும்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். இப்போது அம்மாயி வீட்டில் தங்கிப் படிக்கிறேன் என்கிறாள். அனுப்பிவிடலாமா?
- பெயர் வேண்டாம், கரூர்

பதில்: அனுப்ப வேண்டாம் அம்மா. பரீட்சை லீவுக்கு அம்மாயி வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து வரட்டும். அது அவளுக்கு நல்லது. பள்ளியையே மாற்றி அனுப்பினால், கிழித்தவன் வீட்டில் இருக்கிறான், தான் வெளியே போகிறோம் என்றுதான் அவள் மனதில் பதியும்.

‘அவளால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லை’ என்று எழுதியிருக்கிறீர்கள். தொந்தரவே தராத பிள்ளையாக இருப்பது 12 வயதில் எவ்வளவு பெரிய வேலை என்பது எனக்குத் தெரியும். 1979-ல் நான் ஆறாம் வகுப்பு சேர்ந்தபோது அப்பா ஒரு ஜாமென்ட்ரி பாக்ஸ் வாங்கிக் கொடுத்தார். விருதுநகரில் வத்தல் கமிஷன் கடையில் கணக்கு எழுதியவர் அவர். மாதக் கடைசியில் அப்படி ஒன்றை வாங்குவது லேசான காரியம் இல்லை. ஒரு வாரம்கூட ஆகவில்லை. தம்பி அதை மண்ணள்ளும் லாரியாக்கி, சணல் கயிறு கட்டி, முற்றம் முழுக்க இழுத்தான். மூடியின் கீல் பிய்ந்துவிட்டது. காம்பஸின் முள் கொல்லைப்புற மண்ணில் எங்கேயோ போனது. நான் அழுதபோது அம்மாவும் இதே சொல்லைத்தான் சொன்னார்: விட்டுக்கொடு. அந்த வருடம் முழுக்க மூடியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிப் பள்ளிக்கு எடுத்துப் போனேன். பாக்ஸ் உடைந்ததைக்கூட மறந்திருப்பேன். ‘ஐயோ, உன்னோடது உடைஞ்சுபோச்சே’ என்று அன்றைக்கு வீட்டில் ஒருவரும் சொல்லவில்லை. 45 வருடம் ஆகியும் அது மறக்கவில்லை.

அந்த ஒரு வார்த்தையை இன்று ராத்திரி உங்கள் மகளிடம் சொல்லுங்கள். ‘மூணு நாள் உக்காந்து செஞ்ச சார்ட்டு கண்ணு. கிழிஞ்சது எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. அதைச் சொல்லாம உன்னையே விட்டுக்கொடுக்கச் சொன்னேன். தப்பு என்மேலதான்.’ நோட்டைப் பார்த்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அவள் அந்த வரியை யோசித்துத்தான் எழுதியிருக்கிறாள். இந்த வீட்டில் அம்மாவின் நேரம் எங்கே போகிறது என்று பார்த்திருக்கிறாள். அது தனக்குக் கிடைக்க என்ன வேண்டும் என்றும் கண்டுபிடித்திருக்கிறாள். அதைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் சாவது பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வது பற்றியோ அவள் எழுதினால், பேசினால், ஒரு நாளும் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற அரசின் மனநல ஆலோசனை எண்ணுக்கு (டெலி-மானஸ்) எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

‘அவனுக்குத் தெரியாது’ என்று அவளிடம் சொல்கிறீர்களே, அது பாதிதான் உண்மை. சார்ட்டைக் கிழிக்கக் கூடாது என்பது 8 வயதுப் பையனுக்குத் தெரியும். தெரிந்ததை அந்த நொடியில் நினைவுக்குக் கொண்டுவந்து கையை நிறுத்துவதுதான் அவனுக்கு வரமாட்டேன் என்கிறது. அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2007-ல் ஒன்றை வெளியிட்டார்கள். மூளையின் மேலுறையில் பாதி இடங்கள் முழுத் தடிமனை எட்டுவது மற்றப் பிள்ளைகளுக்கு ஏழரை வயதில். ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளைகளுக்குப் பத்தரை வயதில். மூளை வளர்கிற வரிசை ஒன்றுதான், வருவதுதான் தாமதம். இதை உங்கள் மகளுக்குப் புரிகிற மாதிரி சொல்லலாம். ‘நாலு பேரு ஒரே நேரத்துல கூப்பிட்டா உனக்கு அம்மா குரல் தனியாக் கேக்குமில்ல? அவனுக்கு நாலும் ஒரே சத்தமாக் கேக்குது. கை முந்திக்குது, யோசனை பின்னாடி வருது. அவன் வளர வளர இது கொஞ்சம் கொஞ்சமா மாறும். ஆனா உன் பொருளை உடைச்சா அது தப்புதான், நான் பாத்துக்கிட்டு சும்மா இருக்கமாட்டேன்.’ கடைசி வாக்கியம் முக்கியம். அது இல்லாமல் வியாதியை மட்டும் விளக்கினால், இனிமேல் கோபப்படக்கூட எனக்கு உரிமை இல்லை போலிருக்கிறது என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

சொன்னதைச் செய்தும் காட்ட வேண்டும். பீரோவில் ஒரு தட்டை அவளுக்கு ஒதுக்கிப் பூட்டுப் போடுங்கள். பீரோ இல்லையென்றால் ஒரு டிரங்குப் பெட்டி போதும். சாவி அவளிடம் இருக்கட்டும். கிழிந்த சார்ட்டுக்கு ஈடாக அவன் ஏதாவது செய்தே ஆக வேண்டும். அதுவும் அன்றைக்கே, நடந்தது அவன் கண்முன் இருக்கும்போதே. அடுத்த ஞாயிறு டி.வி. கிடையாது என்று சொன்னால், ஞாயிறு வருவதற்குள் எதற்கு இந்தத் தண்டனை என்பதே அவனுக்கு மறந்திருக்கும். புது சார்ட் வாங்கக் கடைக்கு உங்களோடு நடந்து வரட்டும், அவனுடைய உண்டியல் காசைக் கொடுக்கட்டும். அக்கா அனுமதித்தால் பசை தடவிக் கொடுக்கட்டும். அனுமதிக்காவிட்டால் தள்ளி உட்காரட்டும்.

சண்டை வந்தால் நீங்கள் முதலில் யாரிடம் ஓடுகிறீர்கள் என்று ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள். அநேகமாக அவனிடம்தான் ஓடுவீர்கள். திட்டுவதற்காகத்தான், ஆனாலும் அவனிடம்தான். அடிபட்டவள் ஓரமாக நின்று, அம்மா அவனைத் திட்டி முடிக்கட்டும் என்று காத்திருப்பாள். இதை மாற்றுங்கள். இருவரையும் பிரித்துவிட்டு முதலில் அவளிடம் போங்கள். கையைப் பிடித்து எங்கே வலிக்கிறது என்று பாருங்கள். தேங்காய் எண்ணெய் தடவுங்கள். அவனிடம் பிறகு பேசலாம். நான் பார்த்த வீடுகளில் இந்த ஒரு மாற்றத்துக்கே பெண்பிள்ளைகளின் முகம் மாறியிருக்கிறது. பையனுக்கும் அடித்தால் அம்மா உடனே வருவாள் என்ற கணக்கு குறைகிறது.

நீங்கள் எழுதாத ஒன்றையும் கேட்கிறேன். இருவரும் ஒரே பள்ளியா? அப்படியென்றால் இது அநேகமாக நடந்துகொண்டிருக்கும். மூன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு பையனை அனுப்பி ஏழாம் வகுப்பிலிருந்து அக்காவைக் கூப்பிடுவார். அவள் பாதிக் கணக்கில் எழுந்து போவாள். ‘உன் தம்பி என்ன செஞ்சு வச்சிருக்கான் பாரு, வீட்டுல சொல்லு.’ வகுப்பே பார்க்க, தலையைக் குனிந்துகொண்டு அவனுடைய டயரியை வாங்கிக்கொண்டு திரும்புவாள். வீட்டில் சொன்னால் அவன் அடி வாங்குவான், சொல்லாவிட்டால் மறுநாள் டீச்சர் கேட்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு இதைச் செய்திருக்கிறேன். அக்காவாக இருந்த நானே செய்தேன் என்பது இன்றும் மனதை அறுக்கிறது. தலைமையாசிரியரை நேரில் பார்த்து, புகார் எதுவானாலும் எங்கள் போனுக்கு வரட்டும், மகளைக் கூப்பிட வேண்டாம் என்று கேளுங்கள். வேன் ஏறும்போது, ‘தம்பியப் பாத்துக்கோ’ என்று நீங்கள் சொல்வதையும் நிறுத்திவிடுங்கள்.

அமெரிக்காவில் ஜூடி கெண்டல் என்ற ஆய்வாளர் 11 குடும்பங்களில் இப்படிக் கூடப்பிறந்தவர்களிடம் பேசி, 1999-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அந்தப் பிள்ளைகள் மூன்றைச் சொன்னார்கள். அடியும் வசவும் தங்கள்மேல் விழுகிறது. சின்ன வயதிலேயே பார்த்துக்கொள்ளும் பொறுப்பு தங்கள் தலையில். மற்ற வீடுகளைப் போல ஒரு வீடு தங்களுக்கு இல்லாமல் போன துக்கம். நம் வீட்டுப் பிள்ளைகள் சொல்வதும் அதேதான். நாம் கேட்பதில்லை.

கடைசியாக, தினமும் 20 நிமிடம் அவளுக்கு மட்டும். பெரிதாக ஒன்றும் வேண்டாம். மாவு மில்லுக்குப் போகும்போது அவளைக் கூட்டிப்போங்கள், மாடியில் துணி எடுக்கும்போது அவளும் வரட்டும். அவன் அந்த நேரம் அப்பாவிடம் இருக்கட்டும். ஒரே நிபந்தனை: அந்த 20 நிமிடத்தில் தம்பி பேச்சை நீங்கள் எடுக்கக் கூடாது.

கேள்வி: மூத்தவனுக்கு 14 வயது, ஏ.டி.எச்.டி. இளையவளுக்கு 11. அவள் எல்லாவற்றிலும் முதல். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், ‘தங்கச்சியப் பாத்துக் கத்துக்கோடா’ என்கிறார்கள். போன மாதம் அவள் பேச்சுப் போட்டியில் வாங்கிய கோப்பையை மொட்டை மாடியிலிருந்து தூக்கி எறிந்துவிட்டான். பெல்ட்டால் அடித்துவிட்டேன். இப்போது அவன் என்னோடு பேசுவதில்லை. அவனுக்கு வருத்தமாக இருக்கும் என்று தங்கையின் பரிசுகளையெல்லாம் எடுத்து உள்ளே வைத்துவிட்டோம். சரிதானா?
- ஒரு தந்தை, சிவகாசி

பதில்: அண்ணாச்சி, நானும் பக்கத்து ஊர்க்காரிதான். உரிமையோடு சொல்கிறேன், இரண்டும் சரியில்லை. பரிசுகளை இன்றைக்கே வெளியே எடுத்து வையுங்கள். அவள் உழைத்து வாங்கியதை ஒளித்துவைத்தால், ஜெயிப்பது அண்ணனுக்குச் செய்யும் கெடுதல் என்று அந்தக் குழந்தை புரிந்துகொள்வாள். என்னிடம் படித்த ஒரு பெண்ணின் நினைவு வருகிறது. நாலாம் வகுப்பு. மாதத் தேர்வில் திடீரென்று மூன்று கேள்விகளுக்குப் பதிலே எழுதாமல் தாளைக் கொடுத்தாள். தெரியாதா என்று கேட்டேன். தெரியும் என்றாள். கொஞ்ச நேரம் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, ‘எனக்கு மார்க் கொறஞ்சா அண்ணனை அப்பா அடிக்க மாட்டாருல்ல மிஸ்’ என்றாள். 9 வயது.

கோப்பையை எறிந்தது தப்பு. அதை அவன் பணத்தில், அவனே கொண்டுபோய்ச் சரிசெய்து வாங்கி வர வேண்டும். பெல்ட்டை எடுத்தது உங்கள் தப்பு. அதற்கு நீங்கள் அவனிடம் நேரில் வருத்தம் தெரிவிக்க வேண்டும். அப்பா மகனிடம் போய் நிற்பதா என்று தோன்றலாம். நில்லுங்கள். அடித்தால் இந்தப் பிள்ளைகளுக்கு அடக்கம் வருவதில்லை. அந்த அடியை அவர்கள் இன்னொரு இடத்தில் இறக்கி வைக்கிறார்கள். உங்கள் வீட்டில் அந்த இன்னொரு இடம் தங்கைதான்.

‘பாத்துக் கத்துக்கோ’ என்று யார் சொன்னாலும், பெரியப்பா சொன்னாலும், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள். ‘அண்ணே, அந்தப் பேச்சு வேண்டாம், எங்க வீட்டுல ரெண்டு பேரையும் ஒப்பிடுறதில்ல’ என்று பையன் காதில் விழும்படி சொல்லுங்கள். அவன் அதை மறக்கவே மாட்டான். ரேங்க் கார்டைத் தனித்தனியாக, தனித்தனி நாளில் பாருங்கள். 14 வயதில் பேச்சை நிறுத்தியிருக்கிறான் என்பதால் அவனுடைய மருத்துவரையும் ஒரு முறை பாருங்கள். இந்த வயதில் மனச்சோர்வு கூடச் சேர்ந்துகொள்வது உண்டு. முன்பு ஒத்துப்போன மருந்தின் அளவையும் அவர் மறுபடி பார்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: நான் பிளஸ் டூ படிக்கிறேன். தம்பிக்கு 13 வயது, ஏ.டி.எச்.டி. ராத்திரி 11 மணி வரை வீடு அமைதியாவதில்லை. பொதுத்தேர்வு வருகிறது. சில நேரம், இவன் பிறக்காமலே இருந்திருக்கலாம் என்று தோன்றுகிறது. உடனே அழுகையும் வருகிறது. ‘எங்களுக்கப்புறம் நீதான் இவனைப் பாத்துக்கணும்’ என்று அம்மா அடிக்கடி சொல்கிறார். வெளியூரில் கல்லூரி சேர எனக்கு ஆசை. நான் சுயநலக்காரியா? இன்னொன்று, நானும் பொருள்களைத் தொலைப்பேன். பாடம் நடக்கும்போது மனம் எங்கோ போய்விடும். எனக்கும் இருக்குமா?
- ஒரு மாணவி, தாம்பரம்

பதில்: கண்ணம்மா, இதுவரை என் அம்மாவைத் தவிர யாரிடமும் சொல்லாத ஒன்றை உனக்குச் சொல்கிறேன். எங்கள் ஊரில் பங்குனிப் பொங்கலுக்குப் பொருட்காட்சி போடுவார்கள். எனக்கு 12 வயது, தம்பிக்கு 8. அவன் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டியது என் வேலை. வியர்த்த கை, ஒரு இழு இழுத்தான், வழுக்கிவிட்டது. கூட்டத்தில் ஆளைக் காணோம். அப்பா மைக்கில் சொல்லச் சொல்லி ஓடினார். அம்மா ராட்டினத்துப் பக்கம் அழுதுகொண்டே தேடினார். நான் நின்ற இடத்தில் நின்றேன். அப்போது என் மனதில், ‘இனிமே வீடு அமைதியா இருக்கும்’ என்று தோன்றியது. ஒரு நிமிடம்தான். அந்த நிமிடம் எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

டெல்லி அப்பளக் கடையில், எண்ணெய்ச் சட்டிக்கு நாலடி தள்ளிக் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும், ‘அக்கா, எவ்ளோ பெரிய அப்பளம் பாத்தியா’ என்றான். தொலைந்துபோனதே அவனுக்குத் தெரியாது. அன்று ராத்திரி அவன் பக்கத்தில் படுத்துக்கொண்டு சத்தம் வராமல் அழுதேன். அதற்குப் பிறகு 30 வருடம் நான் கெட்டவள் என்றே நினைத்திருந்தேன். அவன் வேஷ்டி தொலைத்தாலும், பள்ளியில் பெயர் கெட்டாலும், அன்றைக்கு நான் நினைத்ததால்தான் என்று ஒரு பயம். அம்மாவின் கடைசி வருடங்களில் ஒரு நாள் அவருக்குத் தலை சீவிவிட்டுக்கொண்டே இதைச் சொன்னேன். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ‘எனக்கும் தோணியிருக்கு தாயி’ என்றார்.

உனக்குத் தோன்றுவது களைப்பில் வருகிற எண்ணம். அழுகை வருகிறதே, அதுவும் நீதான். இரண்டும் ஒரே மனதில் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும். அதற்காக உன்னை நீயே தண்டித்துக்கொள்ளாதே.

வெளியூர்க் கல்லூரிக்குத் தாராளமாக விண்ணப்பம் போடு. அம்மா சொல்வது பயத்தில் வருகிற வார்த்தை. அதற்கு 17 வயதில் நீ வாக்குக் கொடுக்க வேண்டியதில்லை. ‘அம்மா, தம்பி மேல எனக்குப் பாசம் இருக்கு. ஆனா இந்தப் பேச்சை இப்பப் பேச வேண்டாம், பரீட்சை முடியட்டும்’ என்று சொல். தாம்பரத்து அம்மாவும் இதைப் படிப்பீர்கள் என்றால் உங்களிடமும் ஒன்று. உங்கள் மகனுக்கு இப்போது 13 வயது. 30 வயதிலும் அவன் இப்படியே இருப்பான் என்று இன்றைக்கே முடிவுகட்ட வேண்டாம். வளர்ந்த பிறகு ஓட்டமும் துள்ளலும் பெரும்பாலும் குறையும். மறதியும் அவசரமும் பலருக்குத் தொடரும், ஆனாலும் அவர்கள் வேலை பார்க்கிறார்கள், குடும்பம் நடத்துகிறார்கள். என் தம்பி படிக்கிற காலத்தில் இந்தக் குறைபாட்டுக்கு இந்தப் பெயரே கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் ஏ.டி.எச்.டி. என்ற பெயர் வந்தது 1987-ல்தான். எங்கள் தெருவில் அவனுக்கு இருந்த பெயர் குட்டிச்சாத்தான். மருந்தும் இல்லாமல், புரிந்துகொள்ள ஆளும் இல்லாமல் வளர்ந்தவன் இன்று சொந்தமாக டூ வீலர் பட்டறை வைத்திருக்கிறான். கணக்கை அவன் மனைவி பார்த்துக்கொள்கிறாள். நான் அவனுக்கு அக்கா மட்டும்தான், காவலாள் இல்லை.

உன் சந்தேகத்துக்கு வருகிறேன், அது நியாயமான சந்தேகம். இந்தக் குறைபாடு குடும்பத்தில் ஓடும். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் இதில் 70 முதல் 80 சதவீதப் பங்கு மரபணுவுக்குத்தான் என்று தெரியவந்திருக்கிறது. ஓடாமல் ஆடாமல், கவனம் மட்டும் சிதறுகிற வகையும் உண்டு. பெண்பிள்ளைகளுக்கு அது இருந்தால், கனவு காண்கிறாள், சோம்பேறி என்று சொல்லி விட்டுவிடுகிறோம். வீட்டில் ஒருவன் வீட்டையே புரட்டிக்கொண்டிருக்கும்போது, ஓரமாக உட்கார்ந்து பேனா தொலைக்கிற பெண்ணை யார் பார்ப்பார்கள்? ஆனால் 11 மணி வரை தூங்க முடியாத வீட்டில், பொதுத்தேர்வுப் பயத்தில், யாருக்கும் மனம் சிதறும். இரண்டையும் பிரித்துச் சொல்வது மருத்துவர் வேலை. 12 வயதுக்கு முன்பே இந்த அடையாளங்கள் இருந்தனவா, வீட்டில் மட்டுமா பள்ளியிலுமா என்று கேட்பார். உன் ஐந்தாம் வகுப்பு ரிப்போர்ட் கார்டு கிடைத்தால் எடுத்துப் போ, டீச்சர் எழுதிய குறிப்பு உதவும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. 18 வயது வரை உள்ளவர்களின் வளர்ச்சிக் குறைபாடுகளைக் கவனிக்கும் அரசின் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையமும் உண்டு, அங்கே கட்டணம் இல்லை. பரீட்சை முடியும்வரை சாயங்காலம் கிளை நூலகத்திலோ தோழி வீட்டிலோ உட்கார்ந்து படி. அப்பாவிடம் சொல்லி எட்டரைக்கு வந்து கூட்டிப்போகச் சொல்.

கேள்வி: மூத்தவனுக்குத் தினமும் காலையில் ஏ.டி.எச்.டி. மாத்திரை கொடுக்கிறோம். 5 வயது மகள், ‘அண்ணனுக்கு மட்டும் ஏன், எனக்கும் வேணும்’ என்று அழுகிறாள். நேற்று அட்டையிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டாள், உடனே துப்பவைத்துவிட்டோம்.
- ஒரு தாய், நாகர்கோவில்

பதில்: முதலில் பூட்டு. உயரத்தில் வைப்பது போதாது, நாற்காலி போட்டு ஏறுவாள். ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் போன்ற மருந்துகள் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கட்டுப்படுத்தப்பட்டவை. தினமும் எண்ணி வையுங்கள். இனி ஒரு தடவை விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலும் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். விளையாட்டுக்காகக்கூட அதை மிட்டாய் என்றோ, அறிவு வளர்கிற மாத்திரை என்றோ சொல்லாதீர்கள்.

அவள் மாத்திரைக்காக அழவில்லை என்றே நினைக்கிறேன். காலை அவசரத்தில் நீங்கள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தண்ணீர் டம்ளரோடு மகன் எதிரில் குனிந்து, அவன் விழுங்கும்வரை முகத்தையே பார்க்கிறீர்கள். வீட்டில் வேறு யாருக்கும் அந்த இரண்டு நிமிடம் கிடைப்பதில்லை. மாத்திரையை அவள் பல் தேய்க்கும் நேரத்தில் கொடுங்கள். பிறகு அடுப்பை அணைத்த கையோடு அவளுக்குப் பின்னல் போட்டுவிடுங்கள், அவள் முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே.

கேள்வி: எங்கள் ஒரே மகனுக்கு 6 வயது, ஏ.டி.எச்.டி. இருக்கலாம் என்கிறார்கள். ‘அவனுக்குத் துணையா இன்னொண்ணு பெத்துக்கோ, நாளைக்கு அதுதான் அவனைப் பாத்துக்கும்’ என்று மாமியாரும் அம்மாவும் வற்புறுத்துகிறார்கள். இரண்டாவதுக்கும் வந்துவிடுமோ என்று பயம்.
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: வரலாம், வராமலும் போகலாம். மற்றக் குடும்பங்களைவிட வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதான். வந்தாலும் நீங்கள் தனியாக நிற்கப்போவதில்லை. உங்கள் கோவையிலேயே தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தி 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், 100-க்கு 11 பேருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பது தெரியவந்தது. மூத்தவனுக்கு முதலில் முறையாகப் பரிசோதனை முடியட்டும். ‘இருக்கலாம்’ என்பதை வைத்துக்கொண்டு எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

எனக்குக் கவலை தருவது ‘துணையா’ என்ற சொல்தான். பிறப்பதற்கு முன்பே ஒரு குழந்தைக்கு வேலை எழுதிவைத்துவிட்டார்கள் பெரியவர்கள். இந்தப் பக்கத்தில் மேலே உள்ள கடிதங்களை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். உங்களுக்கும் உங்கள் கணவருக்கும் இன்னொரு குழந்தையைக் கொஞ்சி வளர்க்க ஆசை இருக்கிறதா, உடம்பில் தெம்பு இருக்கிறதா, மூத்தவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் பெற்றுக்கொள்ளுங்கள், என் வாழ்த்துகள். ஒன்று போதும் என்று முடிவெடுத்தாலும் அதில் ஒரு குறையும் இல்லை. அதை மாமியாரிடம் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர் சொல்லட்டும்.